சாய்ந்து நின்ற பகடை

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று காலையில் ஒரு முறைதான் சொன்னேன். மதியமும் நினைவு வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். இப்படிச் சின்ன விஷயங்களைக் கவனிப்பவர்களிடம் பேசுவது எனக்கு எளிது.

என் பெயர் நிர்மலாதேவி. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். தொப்பூர் கணவாயில் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் மாதவராஜின் விளையாட்டைச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் கருங்கோட்டை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். இப்போது நீ என்ன செய்வாய் என்று அவர் கேட்பார், நாம் சொல்வோம். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். விதிகளெல்லாம் ஒரு புத்தகத்தில். ஞாயிறு மதியம், நதீமின் செல்போன் கடை மாடி. கதை சொல்ல மாதவராஜ், ஆட நதீம், அவன் தங்கை சமரீன், நான். பதினொரு வருடம் ஆடினோம்.

என் கணவர் குமார் இறந்த மாதத்தில்தான் எதிர்வீட்டு மாதவராஜ் என்னை அங்கே அழைத்துப் போனான். குமார் இறந்தது என் வார்டில், என் ஷிப்டில். நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினேன். எழவில்லை. மாதவராஜ் அப்போது முதல் பதிப்பை எழுதிக்கொண்டிருந்தான். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட புத்தகம். அதில் எனக்காகவே ஒரு பாத்திர வகையைச் சேர்த்தான். பச்சிலைக்காரி. “பச்சிலைக்காரி தொட்டால் விழுந்த தோழர் எழுவார். பகடை தேவையில்லை.” முப்பத்தொன்றாம் பக்கம்.

என் பச்சிலைக்காரிக்குத் தும்பை என்று பெயர் வைத்தேன். பதினொரு வருடத்தில் தும்பையின் கையில் ஒருவரும் சாகவில்லை. திங்கட்கிழமை மறுபடி வார்டுக்குப் போக எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தத் தை மாதம் இரண்டாம் பதிப்பு தயாரானது.

“பச்சிலைக்காரிய எடுத்துட்டேங்க்கா. யாருமே அத ஆடறதில்ல” என்றான் மாதவராஜ்.

“நான் ஆடறேனே.”

“நீங்க ஒருத்தர்தானுங்க. தொட்டாலே எந்திரிச்சிருவாங்கன்னா அப்புறம் யாருக்குப் பயம் இருக்கும்? அன்னிக்கி நீங்க அழுதுக்கினே இருந்தீங்க. பாவமா இருந்துச்சு, வெச்சேன்.”

நதீம் சிரித்தான். “இனிமே என்னயத் தூக்கி வுட ஆளில்ல. ஹெல்மெட்டு போட்டுக்கினுதான் ஆடணும்.”

புதிய விதி இது. விழுந்தவர் மூன்று முறை பகடை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் உயிரின் பக்கம், அதற்குக் கீழ் சாவின் பக்கம். எந்தப் பக்கம் இரண்டு சேர்கிறதோ அதுவே முடிவு. முடியும்வரை தோழர் யாரும் அவரைத் தொடக் கூடாது.

அன்றே ஆடிப் பார்த்தோம். தும்பை விழுந்தாள். நான்கு. ஒன்பது. மூன்றாவது தேவைப்படவில்லை. அவளுடைய தாளை மாதவராஜ் கேட்டு வாங்கினான். பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்துத் துணிபோல மெத்தென்று ஆகிவிட்ட தாள். அதன் பின்பக்கத்தில் கீழே டீக்கடைக்கு எழுதிக் கொடுத்தான்: நாலு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம.

நான் பார்த்ததை அவன் கவனித்தான். “காகிதந்தானுங்க்கா” என்றான்.

சர்க்கரை இல்லாத டீ எனக்குத்தான். குடித்தேன்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அவன் எழுதிய விதி அவனுக்கும் பொருந்த வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஊசி போடும்போது நினைத்தேன், சோறு வடிக்கும்போது நினைத்தேன். பகடையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

அச்சான முதல் பிரதிகளை வாங்கச் சேலம் போகத் துணைக்கு ஆள் தேடினான். நதீமுக்குக் கடை. நான் வருகிறேன் என்றேன். திரும்பும்போது வண்டியில் அவன் பின்னால் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். தொப்பூர் ஏற்றத்தில் ஒரு லாரியின் பின்பகுதி உரசியது. லாரி நிற்கவில்லை. நாங்கள் சாலையை விட்டுச் சரிவில், புதர்களுக்குள் போய் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குத் தொடை கிழிந்திருந்தது. மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் யார் கண்ணிலும் படமாட்டோம்.

கட்டினால் நிற்கக்கூடிய இரத்தம் அது. என் துப்பட்டா போதும். போனில் சிக்னலும் இருந்தது. இவற்றை நான் மறைக்கப் போவதில்லை.

“கால கட்டுங்கக்கா.”

“ரெண்டாம் பதிப்புல நான் தொட்டா ஒண்ணும் ஆவாது, மாதவா.”

“வெளையாடாதீங்கக்கா.”

பகடையை எடுத்து அவன் கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு உருட்டினான். பதினான்கு. மறுபடி வைத்தேன். ஆறு. மூன்றாவதுக்கு அவன் விரல்கள் மடங்கவில்லை. அவனுக்காக நான் உருட்டினேன். ஒரு கல்லில் முட்டி நின்றது.

“பதினேழுங்க்கா” என்றான். சிரிக்கக்கூட முயன்றான்.

“சாஞ்சு நிக்குது. செல்லாது.”

சாய்ந்து நின்ற பகடையை மறுபடி உருட்ட வேண்டும். இரண்டு பதிப்பிலும் மாறாத விதி அது. மறுபடி உருட்டினேன். பன்னிரண்டு, சாய்ந்தது. பத்தொன்பது, சாய்ந்தது. சரிவில் அப்படித்தான் நிற்கும். எட்டாவது முறை நேராக நின்றது. மூன்று. அப்போது அவன் பகடையைப் பார்க்கவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு 108-க்கு அழைத்தேன்.

நான் கொல்லவில்லை என்று சொல்ல வரவில்லை. விதிப்படி நடந்தேன் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பொட்டலம் பிரிந்து புத்தகங்கள் பக்கத்திலேயே கிடந்தன. கெட்டி அட்டை, பலகைபோல மட்டம். ஒன்றை மடியில் வைத்து அதன்மேல் உருட்டியிருந்தால் பகடை சாய்ந்திருக்காது. எனக்கும் அது தோன்றியது. பதினேழு விழுந்த பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் ‘தும்பைக்கும் நிர்மலா அக்காவுக்கும்’ என்று போட்டிருந்தான். பகடை முழுக்க இரத்தம். புதுப் புத்தகம். கறை படக் கூடாது என்று மூடி வைத்துவிட்டேன்.