தப்பாகப் பாடச் சொன்ன டீச்சர்

இரத்தோட்டை பஸ்ஸில் இடமில்லை, மூட்டையோடு நின்றேன். பக்கத்து சீட்டில் இரண்டு பாட்டு டீச்சர்மார்.

"இன்னைக்குத் தப்பாப் பாடுங்க," என்றாள் ஒருத்தி.

"விளையாடாதீங்க அக்கா. ஒரு மாசமா தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யா வீட்டுப் புள்ள வாயே தொறக்கல. இன்னைக்கும் பாடலன்னா இனி வர வேணாம்னுட்டாங்க. பாட்டுச் சொல்லிக்குடுக்க எனக்கு இருக்கிறதே அந்த ஒரு வீடுதான்."

"அதான் சொல்றேன். நீங்க சரியாப் பாடினா புள்ள சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும். தப்பாப் பாடினா திருத்த வரும். எங்கே, பாடுங்க பார்ப்போம்."

"ஸ ரி க ம" என்று மற்றவள் மெல்லப் பாடினாள். சரியாகவே வந்தது. இருவரும் சிரித்தார்கள். மறுபடி முயன்று, "ஸ ரி ம க" என்றாள்.

டிக்கட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார்.

"மொதல்ல பாடினதுதான் சரி டீச்சர்," என்று பாடியும் காட்டினார்.

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவள் கிளாக்கர் வீட்டு வளைவில் இறங்கினாள்.