மந்தைவெளி நிலையத்தில் புஷ்பம் அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் டாக்டர் முத்துகிருஷ்ணன் அவர்களே, வாழ்க்கைத் துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா வெள்ளைத்துரை அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வார்டிலிருந்து சீருடையோடு வந்து சுவரோரம் நிற்கும் செவிலிய மாணவியரே, மருத்துவ மாணவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பேராசிரியை புஷ்பம் அம்மையார் மறைந்துவிட்டார். அவர் கற்பித்தது மனநலச் செவிலியம். அதற்கும் மேலாக, உங்கள் முகங்களைப் படித்தவர் அவர். நோயாளியிடம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லும் பிள்ளைகள், தாங்கள் மட்டும் டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறார்கள். அதை இங்கே யார் கவனித்தோம்? அவர் கவனித்தார்!

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நம் மாணவி தமிழ்மொழி சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. வார்டில் அவள் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர், அவள் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஒரு மதியம் வார்டிலிருந்து காணாமல் போனாள். போனையும் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்றோம், அவரோடு பணியாற்றிய ஆசிரியைகளான நாங்கள். அம்மையார் அவள் தாயை அழைத்துக் கேட்டார்.

"இங்க வர்லியே மேடம்! இன்னா ஆச்சு என் பொண்ணுக்கு?"

அந்த அலறலைக் கேட்டதும் அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தம், கடைகள் எல்லாம் தேடி, கடைசியில் மந்தைவெளி ரயில் நிலையத்துக்குள் போனோம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரயில்கள் வந்து போயின, அவள் எதிலும் ஏறவில்லை. அம்மையார் அருகில் போய் அமர்ந்தார்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"வேணாம் மேடம். நர்ஸ் வேலயும் வேணாம். கண்ண மூடுனா அந்தப் பெரியவரு மூஞ்சிதான் வருது. எல்லாரும் சிரிச்சிக்கினு கீறாங்கோ, நா மட்டும்தான் இப்டி கீறேன்."

"நீ மட்டும்னு யாரு சொன்னா? என்கிட்ட வந்து அழுதவுக எத்தன பேரு! சரி, ஒண்ணு கேக்கேன், மறைக்காத. உசுரோட இருக்கவே பிடிக்கலன்னு தோணுதா?"

அதை நேருக்கு நேர் கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அவள் ஆமென்று தலையசைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அம்மையார் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை. அவளை அணைத்தபடியே தாய்க்குத் தகவல் சொன்னார். அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். "அவ சோம்பேறி இல்ல, அவளுக்கு உடம்பு சரியில்ல" என்று நிர்வாகத்திடம் வாதாடி விடுப்பு வாங்கித் தந்தார். சிகிச்சை பலித்தது. தமிழ்மொழி இன்று இறுதியாண்டு மாணவி. இதோ, நம் நடுவில் இருக்கிறாள்!

ஆனால் அம்மையாரை நாம் யார் பார்த்துக்கொண்டோம்? நெஞ்சு கரிக்கிறது என்றார். "கேஸ் டிரபிள்தான்" என்று சோடா குடித்தார். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், டாக்டரைப் பார்க்கிறேன் என்றார். மாரடைப்பு அதுவரை பொறுக்கவில்லையே!

எனக்குப் பயமாக இருக்கிறது. தேர்வு நெருங்கிவிட்டது. இனி உங்கள் முகம் வாடினால் யார் கண்டுபிடிப்பார்கள்? யார் தேடிக்கொண்டு ஓடுவார்கள்? முதல்வர் அவர்களே, அம்மையாரின் இடம் காலிப் பணியிடமாகக் கிடந்துவிடக் கூடாது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை உடனே நியமியுங்கள். அவர் வரும்வரை மதிய இடைவேளைதோறும் அம்மையாரின் அறையில் நான் இருப்பேன். அவர் பெயரால் இந்த உறுதியைத் தருகிறேன்.

இன்னும் பேச நினைத்திருந்தேன். ஆனால் இந்தக் கூட்டம் தொடங்கும் வேளையில் ஒரு மாணவி என்னிடம் வந்து, "மேடம், கொஞ்சம் பேசணும்" என்றாள். "முடிஞ்சதும் வாம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்போதிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அவள் யாரென்று சொல்லமாட்டேன். அஞ்சலி தொடரட்டும், பேச்சைப் பாதியில் விட்டுப் போவதற்கு அம்மையார் என்னைக் கோபிக்கமாட்டார். அந்தப் பெண்ணை இனியும் காக்க வைக்க என்னால் முடியாது. மேடையிலிருந்து இறங்குகிறேன்.