உலகத்துக்கே கேட்ட வெடி

தபிதா: ...கையெழுத்துதானே கேக்குறாங்க, கழுத்தையா கேக்குறாங்க? சட்டையை மாத்துங்க. ஊர் கிளார்க் எல்க்கானா வண்டி முக்கு திரும்பியாச்சு.

லெமுவேல்: வரட்டும். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு.

தபிதா: நேத்து கான்கார்டுல நாள் பூரா வெயில்ல நின்னீங்க. அப்ப வராத காய்ச்சலா?

லெமுவேல்: அங்க பாடின பாட்டைக் கேட்டுதான் வந்துச்சு.

தபிதா: என்ன பாட்டு? வந்ததுலேர்ந்து வாயே தொறக்கலையே நீங்க.

லெமுவேல்: பாலத்துக்கிட்ட நினைவுக் கல்லு நட்டிருக்காங்கல்ல... அதுக்குப் பாட்டு எழுதி எல்லாரும் நின்னு பாடினாங்க. அறுபது வருஷம் முன்னாடி அந்த இடத்துல நம்ம விவசாயிங்க பட்டாளத்தைப் பார்த்துச் சுட்ட வெடி உலகத்துக்கே கேட்டுச்சாம்.

தபிதா: அடேயப்பா! ஆறு மைல் தள்ளி இருக்கோம், நமக்கே கேக்கலையே!

லெமுவேல்: காதுல கேட்டதைச் சொல்லல. அந்த ஒரு வெடியில லண்டன் ராஜாவோட சண்டை மூண்டு, நாம தனி நாடாகி, அதைப் பார்த்துட்டு பிரான்சுக்காரனும் அவன் ராஜாவை எதிர்த்துக் கிளம்பினான்ல... அதைச் சொல்றாங்க.

தபிதா: ராஜாவோட பட்டாளம் கான்கார்டுக்குப் போறதுக்கு முன்னாடியே நம்ம லெக்சிங்டன் புல்வெளியில எட்டுப் பேர் செத்துக் கிடந்தாங்க. அதுல ஒருத்தன் என் அண்ணன் ஏசா. கல்லு நட்டதோட சரி, அவனுக்கு ஒரு பாட்டு இல்லையா? முதல்ல திருப்பிச் சுட்டது நம்ம ஊருதான்னு எல்க்கானா கேக்குற மாதிரி எழுதிக் குடுங்க!

லெமுவேல்: அன்னைக்கு சண்டை முடிஞ்சதும் பைபிள் மேல கை வெச்சு என்ன சொன்னேன்? நாங்க யாரும் சுடவே இல்ல, பட்டாளம்தான் சுட்டுச்சுன்னு.

தபிதா: அப்ப லண்டன்காரனுக்குக் காட்ட அது வேணும். இப்ப கான்கார்டுக்காரனுக்குக் காட்ட இது வேணும்.

லெமுவேல்: வெளையாட்டா இருக்கா உனக்கு? எனக்கு எண்பது வயசு. இன்னொரு பொய்ச் சத்தியம் பண்ணிட்டுச் சாகணுமா?

தபிதா: இன்னொரு பொய்யா? அப்ப மொத சத்தியம்...

லெமுவேல்: கதவைச் சாத்து.

தபிதா: சாத்திட்டேன். சொல்லுங்க.

லெமுவேல்: பட்டாளம் வந்து நின்னதும், கலைஞ்சு போங்கன்னு நம்ம கேப்டன் சொன்னாரு. நான் புல்வெளியோரம் இருந்த உங்க வீட்டுப் பக்கமா வந்தேன். ஜன்னல்லேர்ந்து உங்க அம்மா கத்தினாங்க, குண்டு போட்ட துப்பாக்கியோட படி ஏறாதேன்னு.

தபிதா: ...அம்மாவா?

லெமுவேல்: அம்மாதான். எல்லா வீட்டுலயும் அதானே வழக்கம்... அடைச்ச குண்டு சுட்டாத்தானே வெளியே வரும்? கல்லுச் சுவருக்குப் பின்னால குனிஞ்சு, மண்ணைப் பார்த்து...

தபிதா: போதும்.

லெமுவேல்: யாரையும் குறி பாக்கல தபிதா! பழக்கதோஷம். அந்தச் சத்தத்துல மிரண்டுதான் பட்டாளம் சுட ஆரம்பிச்சுது. உன் அண்ணனைச் சாகக் குடுத்துட்டு உன்னையே கட்டிக்கிட்டு...

எல்க்கானா: பெரியப்பா! கதவைத் தொறங்க, நான்தான் எல்க்கானா.

தபிதா: வாப்பா. தாழ் போடல, தள்ளு.

எல்க்கானா: எல்லாம் எழுதியே கொண்டாந்துட்டேன் பெரியப்பா. கீழே ஒரு கையெழுத்து போட்டா...

லெமுவேல்: அதைக் கிழிச்சுப் போடு. நான் சொல்றதை எழுது. அன்னைக்கு முதல் வெடி...

தபிதா: அவரை விடு எல்க்கானா. என் பேரைப் போட்டு எழுது.

எல்க்கானா: நீங்களா? புல்வெளியில நீங்க இல்லையே பெரியம்மா!

தபிதா: ஜன்னல்ல இருந்தேன். அம்மா அப்ப பின்கட்டுல, மாட்டை ஓட்டி மறைக்கிற அவசரத்துல இருந்தா. சுட்டுக் காலி பண்ணிட்டு உள்ள வாங்கன்னு இவரைப் பார்த்துக் கத்தினது நான். கட்டிக்கப் போறவ குரல் இவருக்குத் தெரியாதா? இப்பகூட செத்துப்போன எங்கம்மா மேல பழியைப் போட்டு என்னைத் தப்பிக்க வைக்கிறாரு... எழுதுப்பா, கையெழுத்து நான் போடுறேன்.