நாற்பத்தோரு சளிப் புட்டிகள்

குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பெரம்பலூர்க் கல்லூரியில் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். என் மாணவர்களை விசாரித்துப் பாருங்கள்.

குன்னம் பக்கம் வெள்ளைக்கல் அரைக்கிற மில்லிலிருந்து தூளைச் சோதிக்கக் கொடுத்தார்கள். நுண்துகள் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் அது சிதறி ஒரு கோலமாக விழும். அதை வைத்துத் துகளின் வடிவத்தைக் கணக்கில் மீட்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், வேறுவேறு வடிவங்கள் ஒரே கோலத்தைத் தரும். இந்தத் தூளுக்கு உருண்டையும் பொருந்தியது, செதிலும் பொருந்தியது. செதில் என்றால் நுரையீரலில் குத்தித் தங்கிவிடும். உருண்டை என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு விடை வேண்டியிருந்தது. அரவை பார்த்த அய்யாக்கண்ணுவுக்கு இருமல். மாதம் ஒரு முறை அவன் சளியைப் புட்டியில் வாங்கினேன்.

"டாக்டருங்ககூட இப்படி அக்கறையாப் பாக்க மாட்டாங்க சார்" என்பான். அவன் மனைவி பொன்னாயி சின்ன வெங்காயம் கொடுத்தனுப்புவாள்.

மூன்றாவது புட்டியிலேயே தெரிந்துவிட்டது. செதில்தான்.

அடுத்த மாதம் அவனே கேட்டான். "மில்லு வேலைய வுட்டுடவா சார்? சோளக்காட்டுக்கு ஆள் கேக்குறாங்க."

"அவசரப்படாத. இன்னும் உறுதியாத் தெரியல."

நம்பிப் போனான். அவன் வேலையை விட்டு நின்றுவிட்டால் என் அளவுகளின் வரிசை அறுந்துவிடும். உடம்புக்குள் செதில் வருடக்கணக்கில் எப்படி மாறுகிறது என்று யாரும் அளந்ததில்லை.

கடைசி ஆறு மாதம் அவனால் பஸ் ஏற முடியவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போனேன். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்குவான். சளியில் ரத்தம் கலந்ததால் கணக்குப் போடுவது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

"பொழச்சுக்குவாருங்களா சார்?" என்றாள் பொன்னாயி. புட்டியைச் சாய்க்காமல் பிடிக்கச் சொன்னேன்.

நாற்பத்தோராவது புட்டிக்குப் பிறகு இறந்துபோனான். தெரிந்தேதான் அவனை மில்லுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மில்லில் இன்னும் ஆறு பேர் இருமுகிறார்கள். அவர்களிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் புட்டிகளை வைத்து நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததும் பொன்னாயியிடம் கொண்டுபோனேன். நன்றி சொல்லும் இடத்தில் அவன் பெயரைப் போட்டிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினேன். வெகுநேரம் அழுதாள். நன்றியில்தான் அழுதிருப்பாள்.