குந்தாத லாரி

…அதான் சொல்றேன், லாரின்னா குந்தணும் தம்பி. லோடு ஏத்துனா குந்தாத லாரி, அது இன்னா லாரி? கேக்குதா? நீ வண்டிக்கு அடியில படுத்துகினு இருக்க, எனக்கு உன் ஷூ ரெண்டு மட்டும்தான் தெரியுது. பரவால்ல. என் சம்சாரம் கோவிச்சிகினு போர்வைய இழுத்து மூடிப் படுத்தா, நான் அதோட உள்ளங்கால் கிட்டதான் பேசுவேன். பழக்கம்தான்.

அடியில கட்டை குடுத்திருக்கியா? குடுத்திருக்க. நல்லது. இஞ்சின் வேற ஓடிக்கினே இருக்குது… காத்து வேணும்னு ஓட விட்டிருக்க, சரி சரி, உன் தொழிலு உனக்கு. நான் எதுக்கு நடுவுல பேசறேன்? பேசவே மாட்டேன். இந்தச் சாப்பாட்டுப் பைய இப்பிடி பாடிக் கொக்கியில மாட்டிட்டு… என் தோள் உசரத்துக்கு வருது, வசதியாதான் இருக்குது… மாட்டிட்டு, சும்மா நிப்பேன்.

நீ திண்டிவனத்து மெக்கானிக்காமே. பிரபாகரன்னு பேரு சொல்லிச்சி வண்டிக்காரி செல்வி. நான் கொளஞ்சி. இந்த மரக்காணம் உப்பளத்துல லோடு மேஸ்திரி. லோடு மேஸ்திரின்னா இன்னா வேலன்னு கேளு. கேக்க மாட்ட. நானே சொல்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ற வேல. பொம்பளைங்க கூடையில உப்ப வாரிகினு பலகை மேல ஏறி வண்டியில கொட்டுவாங்க. நான் பின்னாடி நின்னுகினு, சக்கரத்துக்கு மேல பாரம் தாங்குற கமான் பட்டையவே பாப்பேன். காலி வண்டியில அது வில்லு மாதிரி வளைஞ்சி இருக்கும். லோடு ஏற ஏற நிமிரும். வண்டி மெதுவா குந்தும், கல்யாண வீட்டுல சம்பந்தி பாயில குந்துற மாதிரி. இவ்வளவுதான் தாங்கும்னு எனக்குத் தெரிஞ்சிடும். "போதும்"னு சொல்லுவேன். அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் ஒரு கை உப்பு உள்ள போவாது.

அதுலயும் ஒரு வழக்கம் இருக்குது தம்பி. நான் போதும்னு சொல்ற நேரத்துல எவ தலையில கூடை இருக்குதோ, அந்தக் கூடை உப்பு அவ வீட்டுக்கு. வண்டி முடியப் போற நேரம் பாக்கணுமே நீ. கலைமதின்னு ஒண்ணு இருக்குது. பாதி லோடு ஏறுற வரைக்கும் மான் மாதிரி ஓடும். கடைசியில பாத்தா கல்லு மேல நடக்குற கொக்கு மாதிரி ஒரு நடை. பலகை மேல ஏறி நின்னு, சேலைய சரி பண்ணும், இருமும், என் மூஞ்சியப் பாக்கும். "இன்னும் குந்தலியா மேஸ்திரி?"ன்னு கேக்கும். நான் வேணும்னே வாய மூடிகினு இருப்பேன். அது கொட்டிட்டுத் திரும்புனதும் போதும்னு சொல்லுவேன். அது திட்டுற திட்டு இருக்குதே… சரி, அது உனக்கு எதுக்கு.

அப்பிடி இருந்த எடத்துல இந்த வண்டி வந்து சேந்துச்சி. ஆரோக்கியசெல்விய தெரியும்ல, இந்த வண்டிக்காரி. தானே ஓட்டுது, தானே தார்ப்பாய் கட்டுது. செகண்ட் ஹேண்டு வண்டிதான், ஆனா ஏர் சஸ்பென்ஷனாம். வண்டி வந்த அன்னிக்கே என்னைக் கூப்ட்டு அடியில காட்டிச்சி. "பெரிப்பா, இதுல கமான் பட்டை கிடையாது, காத்துப் பைதான். லோடு ஏறுனா பின்னாடி எறங்கும். எறங்குனா இந்தக் குச்சி மேல தூக்கும். தூக்குனா வால்வு தெறந்து பைக்குக் காத்து போவும், வண்டி பழைய உசரத்துக்கே வந்துடும். லோட எறக்குனா குச்சி கீழ போவும், காத்து வெளிய போவும், அப்பவும் அதே உசரம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குச்சி, அதுதான் பெரிப்பா மூளை"ன்னு சொல்லிச்சி. நான் சொன்னேன், ஏம்மா, நம்ம ஊர்ல ஒருத்தன், குடுத்தாலும் அதே மூஞ்சி, எடுத்தாலும் அதே மூஞ்சின்னு இருந்தா அவன இன்னா சொல்லுவோம்? கல்லுளிமங்கன்னு சொல்லுவோம். நீ அவன வண்டியா வாங்கியாந்துட்டியே.

சிரிக்கிறியா? ஷூ ஆடுது.

மொத லோடு அன்னிக்கு நடந்தத கேளு. பொம்பளைங்க கொட்டுறாங்க, கொட்டுறாங்க. வண்டி குந்தல. நான் பின்னாடி நின்னு பாக்குறேன், அசையல. ராமர் பட்டாபிஷேகப் படத்துல தம்பிங்க நிக்கிற மாதிரி நிமிந்து நிக்குது. போதும்னு நான் எப்பிடி சொல்லுவேன்? பாடிக்கு மேல உப்பு மலையா நிக்குது, உச்சியில ஒரு கொக்கு கூட வந்து குந்திடுச்சி. கொக்கு குந்துது, வண்டி குந்தல. கலைமதி, "மேஸ்திரி, எனக்குக் கூடையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்கு விடு"ன்னு அழுவுது. அப்புறம் செல்வி வண்டிய எடுத்துச்சி பாரு… லாரி குந்தல தம்பி, ரோடு குந்திடுச்சி. வரப்பு ரோடு அப்பிடியே பொளந்து பின் சக்கரம் உப்புப் பாத்தியில எறங்கிடுச்சி. பிரம்மதேசத்துல இருந்து டிராக்டரு வந்துதான் இழுத்துச்சி. அந்தக் கொக்கு அப்பவும் எறங்கல. அதுக்கும் சமமாதான் இருந்துச்சாம்.

அன்னியில இருந்து செல்வி கேபின்ல ஒரு மீட்டர பாத்துகினு குந்தியிருக்கும். பையில காத்து எவ்வளவுன்னு காட்டுற ஊசியாம், அத வச்சி எடை தெரிஞ்சிடுமாம். ஊசி அளவுக்கு வந்ததும் ஜன்னல்ல தலைய நீட்டி, "போதும் பெரிப்பா"ன்னு சொல்லும். யாரு யாருக்குச் சொல்றது? நான் சொல்ற வார்த்தைய என்கிட்டயே சொல்லுது. சமையக்காரனுக்கே இலை போட்டு, போதுமான்னு கேட்ட மாதிரி. அதுக்கு அந்தக் கூடை வழக்கமும் தெரியாது. கலைமதி தலையில இருக்குற உப்ப அம்பாரத்துலயே திருப்பிக் கொட்டச் சொல்லிடுச்சி. பொம்பளைங்க இப்ப என்னை மேஸ்திரின்னு கூப்புடறது இல்ல. "ஊசி வந்துச்சா, ஊசி?"ன்னு கூப்புடறாங்க. நான் ஊசியாம்.

சமமா நிக்கிறது ஒண்ணும் புதுசு இல்லப்பா. எங்க அப்பன்கிட்ட ஒரு மாடு இருந்துச்சி, மயிலைக்காளை. வண்டியில பின்பாரம் ஆச்சின்னா அதுவே கழுத்த அமுக்கும், முன்பாரம் ஆச்சின்னா நிமிரும். வண்டி மேல தண்ணிக் குடம் வச்சா ஒரு சொட்டு சிந்தாது. ஒரு நாளு எங்க அப்பன் முன்னாடி குந்திகினு தூங்கிட்டாரு, தலை ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி. மாடு அதையும் கணக்குப் பண்ணி இந்தப் பக்கக் கால மடக்கிகினே கிளியனூர் வரைக்கும் போச்சி. நம்பு, நம்பாத, உன் இஷ்டம். ரயில்லயும் இப்ப காத்துப் பைதானாமே. எங்க பங்காளி அர்ச்சுனன் சொன்னான். கல்யாண விருந்து சாப்ட்டு ஒரு ஊரே ஒரு பெட்டியில ஏறுச்சாம், படி பிளாட்பாரத்துக்கு நேராவே நின்னுச்சாம். அப்ப சாப்ட்டது எல்லாம் எங்க போச்சின்னு சமையக்காரன் மேல சண்டைக்குப் போயிட்டாங்களாம்.

இல்ல இல்ல, விஷயத்துக்கு வர்றேன். முந்தாநேத்து லோடு. வண்டி எடுக்கும்போதே இடது பக்கமா சாஞ்சிகினு போச்சி. கேபின்ல செல்வி ஜெபமாலை தொங்க விட்டிருக்கும். மாலை மட்டும் நேரா தொங்குது, வண்டிதான் சாஞ்சி நிக்குது. மாதாவே காட்டிக் குடுக்குறாங்க. ராணிப்பேட்டை பக்கம், உப்பு வாங்குற தோல் கம்பெனியில வாசல்லயே நிறுத்திட்டான். சாஞ்ச வண்டி உள்ள வரக்கூடாது, இனிமே இந்த வண்டிய அனுப்பவே அனுப்பாதன்னு சொல்லிட்டானாம். லோடோட அப்பிடியே திரும்பி வந்துடுச்சி. பை ஓட்டைன்னு ஒருத்தன் சொல்றான், சட்டமே முறுக்கிகிச்சின்னு ஒருத்தன் சொல்றான். வண்டி வாங்கும்போதே பொம்பளைக்கு எதுக்குன்னு சொன்னவன் எல்லாம் இப்ப வந்து தலைய ஆட்டிட்டுப் போறான்.

கிளியனூர்ல ஒரு ஆளு இந்த வண்டி மேல கண்ணு வச்சிருக்கான். இன்னிக்கு சாயந்திரம் வர்றான். நீயும் கைய விரிச்சிட்டின்னா சாவிய குடுத்துட்டு, திருப்பூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயி பனியன் கம்பெனியில சேந்துடுவேன்னு சொல்லுது. காலையில என்கிட்ட வந்து, "பெரிப்பா, நான் தப்புப் பண்ணிட்டேனா?"ன்னு கேட்டுச்சி.  நான் கூடைய எடுத்துகினு அம்பாரத்துப் பக்கம் போயிட்டேன். 

அதான் தம்பி, நல்லா பாரு. எந்தப் பக்கம் பாக்குற? இடது பக்கமா? அங்கதான் பாரு. குச்சி கிட்ட… நான் சும்மா சொல்றேன், எனக்கு இன்னா தெரியும், நூலு கீலு எதுனா சுத்தியிருந்தா அறுத்துத் தூக்கிப் போட்டுடு. பெருசா யோசிக்காத. இந்தப் பக்கம் அப்பிடித்தான், காத்து அடிக்குது, நூலு பறந்து வந்து மாட்டிக்கும்.

இன்னா? முடிச்சி போட்டிருக்குதா?

ஆங்… அப்ப நண்டா இருக்கும். சிரிக்காத. இங்க இருக்குற நண்டு சாதாரண நண்டு இல்ல. ரெண்டு கொடுக்கு இருக்குதுல்ல, முடிச்சி போட அது போதாதா? எக்கியார்குப்பத்துல ஒருத்தன் கிழிஞ்ச வலைய கரையில போட்டுட்டுப் போனானாம், காலையில வந்து பாத்தா நண்டுங்க தைச்சி வச்சிருந்துச்சாம். நானே உள்ள பூந்து எடுத்திருப்பேன், இடுப்பு வளைய மாட்டேங்குது. உப்பு வேற ஏறி முடிச்சி கல்லா போயிருக்கும். அறுத்துட்டியா? மவராசன். அத அங்கயே போட்டு மறந்துடு.

இந்தா, வடை சாப்டு. கலைமதி குடுத்துச்சி, மசால்வடை, இன்னும் சூடு இருக்குது. பேப்பர்ல மடிச்சி, நம்ம சாக்கு நூலு இடுப்புல எப்பவும் இருக்கும், அதால ஒரு கட்டு கட்டித் தர்றேன். உப்புக் காத்து பட்டா நமத்துப் போவும். இந்தா, கைய நீட்டு. வாங்கிகினியா? இது இன்னா இது, புஸ்ஸுன்னு ஒரு சத்தம்? பாம்பா? காத்தா? சரி.

ஏம்பா, என் சாப்பாட்டுப் பை எங்க? இங்கதான மாட்டுனேன். தோள் உசரத்துல… தோ, காது கிட்ட இருக்குது. நான் குள்ளமாயிட்டேனா? இல்லியே. வண்டி எழுந்திரிக்குது. அட, எழுந்திரிக்குது தம்பி. மெதுவா, புள்ளத்தாச்சி பொம்பள கைய ஊனி எழுந்திரிக்கிற மாதிரி. ஜெபமாலையப் பாரு, நடுவுக்கு வந்துடுச்சி.

வெளிய வந்துட்டியா? வா வா. மூஞ்சி நல்லாதான் இருக்குது, இவ்வளவு நேரம் ஷூவப் பாத்து தப்பா நெனச்சிட்டேன். இன்னா, ஒரு கையில வடைப் பொட்டலம், ஒரு கையில அந்த அறுந்த நூலு. ரெண்டையும் எதுக்கு மாத்தி மாத்திப் பாக்குற? வடைய சாப்டு. நூலத் தூக்கிப் போடு. என்னை எதுக்குப் பாக்குற?

தோ செல்வி வருது. ஓடியாரத பாரு. வாம்மா, வா. எழுந்துடுச்சி உன் வண்டி. கிளியனூரான அப்பிடியே திருப்பி அனுப்பு. ஓட்டையா? ஒரு ஓட்டையும் இல்ல. இன்னா கோளாறுன்னு அவரையே கேளு. இல்ல, கேக்காத. தொழில் ரகசியம். இன்னாத்துக்குக் கேக்குற… தம்பி, நீ இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு.

நண்டா?

செல்வி, நீ இத நம்புறியா? ஏம்பா, உனக்கு மனசாட்சி இருக்குதா? நண்டு எங்கியாவது முடிச்சி போடுமா? முடிச்சப் பாத்தியா நீ? குடு இங்க, அறுத்த கத்தியோட. இது ரெண்டு சுத்து, நடுவுல ஒரு மடக்கு, உப்புத் தண்ணியத் தொட்டு இழுத்தது. முழு லோடு ஏறியும் நழுவல, ராணிப்பேட்டை போயித் திரும்பியும் நழுவல. இத ஒரு நண்டு போட்டுச்சாம். இந்த உப்பளத்துல இந்த முடிச்சி போட ஒரே ஒரு கைதான் இருக்குது, அது…

…

இன்னா செல்வி அப்பிடிப் பாக்குற?

சரி. நான்தான். குச்சியக் கட்டிட்டா பைக்குள்ள காத்து போவாது, காத்து போவலன்னா லோடுக்கு ஏத்த மாதிரி வண்டி குந்தும். நீ சொல்லிக் குடுத்ததுதான எல்லாம். காலி வண்டி, நான் பள்ளத்துல நின்னேன், கை எட்டுச்சி. அந்தப் பக்கமும் கட்டியிருந்தா ரெண்டு பக்கமும் ஒழுங்கா குந்தியிருக்கும். அந்தப் பக்கம் பாத்தியில தண்ணி, எப்பிடி போறது? ஒரே ஒரு லோடு குந்தட்டும், ஒரே ஒரு வாட்டி நான் போதும்னு சொல்றேன், அப்புறம் அவுத்துடலாம்னு நெனச்சேன். குந்துனதுக்கு அப்புறம் கை உள்ள போவல. திருப்பூருக்குப் போறேன்னு நீ சொன்னதுல இருந்து நான் சோறு சாப்புடல. பைய வேணா பாரு, அப்பிடியே இருக்குது.

திட்டு. திட்டிடு. இன்னா, சிரிக்கிற? கண்ணத் தொடச்சிகினு சிரிக்கிற. இன்னா சொல்ற… ஊசி வந்ததும் நீ ஜன்னல் வழியா கண்ணக் காட்டுவியா. கண்ண மட்டும். வாயத் தெறக்க மாட்ட. வார்த்தைய நான் சொல்லணும். சரி. அந்தக் கூடை வழக்கம்? அதுவும் உண்டா. அப்ப சரி. ஆனா கலைமதி பலகை மேல நிக்கிறப்ப நீ கண்ணக் காட்டுனாலும், நான் கொஞ்சம் தாமசமாதான் சொல்லுவேன். அது எங்க ரெண்டு பேரு வெவகாரம். நீ தலையிடாத.

ஏம்பா பிரபாகரா, உனக்கும் ஒரு கதை… எங்க ஆளக் காணும்? தோ, பைக் சத்தம், ரோட்டுக்கே போயிட்டான். ஒரு வார்த்தை சொல்லிகினு போவக் கூடாது? நான் பேசுனதுல காது வலிச்சிடுச்சோ? வடையையும் எடுத்துகினு போயிட்டான் பாரு.

போவட்டும். அந்தப் பொட்டலத்துல இருக்குறது என் முடிச்சி, கையால அவுக்க முடியாது. கத்திய என் கையில குடுத்துட்டுப் போயிருக்கான். வருவான்.