குவைத்திலிருந்து தனியாக வந்தேன்

"குனி மேரி! தலையைத் தூக்காத!"

லாரியின் தரையில் முகத்தை அழுத்திக்கொள்கிறேன். சுடுகிறார்கள். டக். டக். டக். மூன்று முறை. பிறகு சத்தமில்லை. லாரி நிற்கவில்லை. ஈராக் படை உள்ளே நுழைந்த 1990, ஆகஸ்ட் கடைசி. குவைத்தை விட்டு ஓடுகிறோம்.

என் மேல் கவிழ்ந்து கிடப்பவர் என் கணவர் சவரிமுத்து. ஒரே வீட்டில் அவர் டிரைவர், நான் சமையல். பதினோரு வருஷம் அங்கே இருந்தோம்.

எனக்கு நாற்பத்தாறு வயது. மாதவிடாய் நிற்கிற காலம். நாலு மாதமாக வராதது அந்த லாரியில் வந்தது. நிற்கவில்லை. சுற்றிலும் ஆண்கள். அவர் தன் கைலியைக் கிழித்துக் கொடுத்தார். என்னை மறைத்து உட்கார்ந்தார். ஈக்கள் மொய்த்தன. என் உடம்பு எனக்கே குமட்டியது.

ஜோர்டான் எல்லை. கூடாரங்கள். கக்கூஸ் கிடையாது. மலத்தை மிதிக்காமல் தண்ணீர் வண்டிக்குப் போக முடியாது. மிதித்துக்கொண்டே போனேன். அவருக்குப் பேதி கண்டது. இரண்டு நாள் அவரைக் கழுவினேன். மூன்றாம் நாள் காலை கேட்டார்:

"ஆத்துல தண்ணி வந்துருக்கும்ல?"

"வந்துருக்குங்க."

அதன்பின் அவர் பேசவில்லை. மணலில் புதைத்தார்கள். சாமியார் இல்லை. சிலுவை இல்லை.

எங்கள் ஊர், திருக்காட்டுப்பள்ளி. காவிரியில் தண்ணீர் ஓடுகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் தங்கை கட்டிக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்தாள். என் கையைப் பார்த்தாள்.

"ஒரு டேப் ரெக்கார்டர்கூட எடுத்தாரலியா அண்ணி?"

வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

அடுத்த வருஷம் அவளே வந்தாள். தன் மூத்த மகனைத் துபாய்க்கு அனுப்ப வேண்டுமாம்.

"அங்க யாரயாச்சும் தெரியுமா அண்ணி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அண்ணன் செத்த இடத்தைப் பற்றி அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. "வெளிய போ" என்றேன். போனாள். எனக்குப் பைத்தியம் என்று தெருவில் சொன்னாள்.

மாதா கோவில் திருவிழா. தேர் வருகிறது. வேட்டு வெடிக்கிறது. நடுத்தெருவில் குப்புற விழுகிறேன். மூத்திரத்தில் சேலை நனைந்துவிட்டது. சிரித்தவர்களில் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது அதுவரை எனக்குப் பக்கத்தில் நின்றவளும் உண்டு. நான் இன்றும் அவள் பக்கத்தில் நிற்பதில்லை.

உதிரம் நிற்காததால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நர்ஸ் அதைத் தட்டில் வைத்துக் காட்டினாள். தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இழந்ததைச் சொல்கிறேன். என் கணவர் சவரிமுத்து, வயது ஐம்பத்தொன்று. என் கர்ப்பப்பை. உறவு என்று சொல்ல இருந்த ஒரே வீடு. நாலாவது, அவர் கல்லறை. எந்த மணல்மேடு என்று எனக்குத் தெரியாது.