மார்க்கெட்டுக்குப் போன பெட்ரோல்

— ஹைபிரிட் கார்தான். இதுல மறுபேச்சே கெடையாது.

— மெதுவா பேசுங்க. நீங்க துடிக்கிறது தெரிஞ்சா சேல்ஸ்மேன் ஒரு பைசா கொறைக்க மாட்டாரு.

— அவர் கலர் அட்டை எடுத்துட்டு வர்றதுக்குள்ள நீ சரின்னு சொல்லணும். அவ்ளோதான்.

— எதுக்குங்க? அதே வண்டி, வெறும் பெட்ரோல்ல, பக்கத்துலயே நிக்குது. வெலையும் கம்மி.

— வெல கம்மி, குடி ஜாஸ்தி! சிக்னல்ல அது சும்மா நின்னுக்கிட்டே குடிக்கும். இதுல எஞ்சின் தானா அணைஞ்சிரும். பிரேக் போடப் போட பேட்டரி ஏறும். கெளம்பும்போது அந்த பேட்டரியே தள்ளி விட்ரும்.

— அதெல்லாம் ஊருக்குள்ள. நீங்க மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு தெனமும் ஹைவேலதான போறீங்க? அங்க சிக்னல் ஏது, பிரேக் ஏது? நாள் பூரா எஞ்சின்தான் ஒழைக்கும். பேட்டரி சும்மா ஒக்காந்துட்டு வரும்... உங்க தம்பி மாதிரி.

— என் தம்பிய இழுக்கலைன்னா ஒனக்குப் பேச்சே வராதா?

— பதில் சொல்லுங்க.

— இப்ப மாத்தப் போற நம்ம பழைய கார் ஊருக்குள்ளயும் ஓடுதுல்ல? ஞாயித்துக்கெழம நீ மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போறியே...

— அதுக்கென்ன?

— இந்தா இருக்கு மார்க்கெட். போய்ட்டு வந்தா முள்ளு சரசரன்னு எறங்கி நிக்குது! நீ லேப்ல ரத்தம் உறிஞ்சுற மாதிரி டிராபிக் பெட்ரோல உறிஞ்சிருது. இதவிட என்ன சாட்சி வேணும்?

— அது... ஆமா, கூட்டம் ஜாஸ்திதான்.

— பாத்தியா! ஒத்துக்கிட்ட!

— ஒரு நாள் மார்க்கெட்டுக்காக மிச்ச நாளுக்கு ஆகாத வண்டிய வாங்குவாங்களா? மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையால்ல இருக்கு!

— மிச்ச நாளும் ஊருக்குள்ளதான்...

— என்னது?

— ஒண்ணுமில்ல. வெள்ளையா, சாம்பலா?

— கலர விடுங்க. இப்ப என்ன சொன்னீங்க?

— சொன்னா கத்தக் கூடாது.

— ஷோரூம்ல கத்துவனா? வீட்டுக்குப் போய்க் கத்துறேன். சொல்லுங்க.

— வெளியூர் வேல வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். இனிமே உள்ளூர் கடைங்கதான். வரும்படி கொஞ்சம் கொறையும்... ஆனா சாயங்காலம் வீட்ல இருப்பேன். பாப்பா ஸ்கூல்ல ஆடுனத போன்லதான் பாத்தேன். அன்னிக்கே மனசு விட்டுப் போச்சு.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— நீ வேணாம்பேன்னு பயம். என்ன, சிரிக்கிற?

— சிரிக்கலையே. காலைல பாப்பாவ ஸ்கூல்ல விடுறது...?

— நான்தான்.

— கூட்டிட்டு வர்றது?

— அதுவும் நான்தான். ஏன், நம்பிக்க இல்லையா?

— ஐயோ, இது தெரியாம நான் ஒரு மாசமாத் தூக்கம் கெட்டுக் கெடந்தேனே...

— நீ எதுக்குத் தூக்கம் கெட்ட?

— அப்புறம் சொல்றேன். சேல்ஸ்மேன் வர்றாரு.

— வரட்டும்! இப்பயாவது ஒத்துக்கோ. ஊருக்குள்ள ஓட்டுறவனுக்கு ஹைபிரிட்தான் புத்திசாலித்தனம். ஒன் மார்க்கெட் பெட்ரோலே சாட்சி.

— அந்த பெட்ரோல் மார்க்கெட்டுக்கே போகலைங்க. காயெல்லாம் தெருமொனக் கடையில வாங்குனது. வண்டி போனது பைபாஸ் தாண்டி, அடுத்த ஊர்ல தொறந்திருக்காங்களே புது ஆஸ்பத்திரி, அங்க. லேப் முழுக்க என் பொறுப்புல குடுக்குறாங்க. பாப்பாவ யார் பாத்துக்குறதுன்னு தெரியாமத்தான் வாயத் தொறக்கல. ஹைவேல ஓட்டி மட்டும் பழகிட்டு இருந்தேன். நாளைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க, சரின்னு சொல்லப் போறேன்... வாங்க சார், வெறும் பெட்ரோல் வண்டியே போதும், வெள்ளக் கலர். ஏங்க, நீங்க இதப் பிடிங்க, இது உங்களுக்கு. என் ஸ்கூட்டர் சாவி. ஊருக்குள்ள இதவிடச் சிக்கனமா எதுவும் ஓடாது.